மே மாதத் தோட்டத்தில் நாற்காலியை எங்கே போடுவது?

திருப்பூரிலிருந்து குன்னூர்ப் பக்கம் குடிவந்து இரண்டாவது கோடையைப் பார்க்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது: "மே மாதம் தோட்டம் முழுக்கப் பூ. ஆனால் காலையில் தண்ணீர் ஊற்றுவது, மத்தியானம் கீழேயிருந்து வரும் விருந்தாளிகளுக்குச் சமைப்பது, சாயங்காலம் களை பிடுங்குவது என்று பொழுது போய்விடுகிறது. உட்கார்ந்து பார்த்த நேரமே இல்லை. ஜூனில் மழை வந்து எல்லாம் அழுகிவிடும். 'சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது, எதுக்கு இத்தனை பூ'ன்னு மாமியார் வேறு கேட்கிறார். நடுக்கோடையில் தோட்டத்தை அனுபவிப்பது எப்படி?"

குன்னூரில் பிறந்தவள் நான். இருபத்திரண்டு வருடம் ஒரு நர்சரியில் வேலை பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் இருக்கும் குறை என் அம்மாவுக்கும் இருந்தது. எங்கள் வீட்டு டேலியாவைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அம்மா பார்த்தது பெரும்பாலும் டேலியாவின் வேரடியைத்தான்.

எனவே உரம், மருந்து பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் நாற்காலி எங்கே கிடக்கிறது? திண்ணையில் என்றால் அது தெருவைப் பார்ப்பதற்கு. மலை வீடுகளில் முக்கால்வாசியில் பூப்பாத்தி கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் வருகிறவர் கண்ணுக்காகப் போட்டிருக்கும். வீட்டுக்காரர் உட்காருகிற இடத்திலிருந்து பார்த்தால் செடிகளின் முதுகுதான் தெரியும். முதலில் இதை மாற்றுங்கள். பாத்தியைத் தோண்ட வேண்டாம், நாற்காலியை நகர்த்தினால் போதும், கூட நாலு தொட்டியையும் நகர்த்துங்கள்.

எங்கே நகர்த்துவது என்பது நீங்கள் எந்த நேரத்தில் உட்காரப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மலையில் கோடை நாளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. மே மாதம் ஆறு மணிக்கு முன்பே வெளுத்துவிடும். அப்போதிருந்து எட்டரை வரைக்கும் வெளிச்சம் சாய்வாக வரும், இதழில் பனித்துளி நிற்கும், காற்றும் அடங்கியிருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று ஏறும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் பலர் இந்த வெயிலைச் சாதாரணமாக நினைத்து மூக்கு உரிந்து நிற்பார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர், உதகை 2,240. போதாக்குறைக்கு ஏப்ரல் 20 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும், அன்று உச்சிவேளையில் உங்கள் நிழல் உங்கள் செருப்புக்கு அடியில் கிடக்கும். மே முழுக்க ஏறத்தாழ அதே நிலைதான். அந்த வெளிச்சத்தில் எந்தப் பூவும் வெளுத்துத்தான் தெரியும். பதினொரு மணிக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, "படத்தில் நன்றாக இருந்ததே" என்று விருந்தாளி சொன்னால் வருத்தப்படாதீர்கள். அது பூவின் குற்றம் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் மேட்டுப்பாளையம் பக்கப் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வரும். சில நாள் ஒரு மணி நேரம் கோடை மழை கொட்டிவிட்டுப் போகும். நாலு, நாலரைக்கு அந்த மேகத்துக்குள் தோட்டத்தைப் பாருங்கள். நிழலும் இல்லை, பளபளப்பும் இல்லை, ஒவ்வொரு நிறமும் அதனதன் அழுத்தத்தோடு நிற்கும். படம் எடுப்பதென்றாலும் இந்த நேரம்தான். பிறகு ஆறே முக்கால் வாக்கில் இருட்டத் தொடங்கும்.

ஆக உங்களுக்கு இரண்டு வேளை: விடியல், அந்தி. இரண்டுக்கும் வேறு வேறு பூ வேண்டும். இதை எந்த நர்சரியிலும் சொல்லித் தர மாட்டார்கள், நானும் பல வருடம் கழித்துத்தான் கண்டுகொண்டேன். வெளிச்சம் குறையக் குறைய மனிதக் கண் சிவப்பை இழந்துவிடும், நீலத்தை விடாது. பகலில் வேலை செய்யும் கண் செல்கள் ஓய்ந்து, இருட்டுக்கான செல்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அவற்றுக்குச் சிவப்பு ஏறத்தாழக் கருப்பு. பூர்கின்யே என்ற செக் நாட்டு உடலியல் அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவனித்துச் சொன்ன விஷயம் இது. தோட்டத்தில் இதன் பலன் எளிமையானது. சிவப்பு சால்வியாவும் கருஞ்சிவப்பு டேலியாவும் காலை நாற்காலிக்கு எதிரே இருக்கட்டும். அந்தி நாற்காலிக்கு எதிரே நீல ஹைட்ரேஞ்சியா, அகபாந்தஸ், வெள்ளைப் பெட்டூனியா, வெள்ளை மார்கரீட் என்று வையுங்கள். ஏழு மணி வாக்கில் சால்வியா பாத்தி கரித்துண்டு மாதிரி அணைந்துபோகும், அதே நேரம் ஹைட்ரேஞ்சியா உள்ளுக்குள் விளக்கு வைத்தது போலத் தெரியும். பத்து நிமிடம்தான். நம் ஊரில் அந்தி நீண்டு நிற்பதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்காக நான் பல நாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வாசனைக்கும் இதே போல் ஒரு சூட்சுமம் உண்டு. மலைச்சரிவில் பகலில் காற்று கீழிருந்து மேலே ஏறும், வெயில் இறங்கியதும் குளிர்ந்த காற்று கனத்து மேலிருந்து கீழே வழியும். அதனால் ஹெலியோட்ரோப், ஸ்டாக், ஹனிசக்கிள் போன்ற மணக்கும் செடிகளை அந்தி நாற்காலிக்கு மேல் படியில் வைக்க வேண்டும். கீழ்ப் படியில் வைத்தால் உங்கள் வீட்டு வாசனையைக் கீழ்வீட்டுக்காரர் அனுபவிப்பார். எங்கள் வீட்டில் ஹனிசக்கிளை வேலிக்குக் கீழே விட்டு மூன்று வருடம் அப்படித்தான் தானம் செய்தோம்.

நம் ஊர்ப் பூவுக்கு நிறம் ஏன் இவ்வளவு அழுத்தம் என்று உங்கள் திருப்பூர் உறவினர்கள் கேட்டிருப்பார்கள். குளிர்ந்த இரவுதான் காரணம். பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரையைச் செடி இரவில் மூச்சுவிட்டே செலவழிக்கும். இரவு வெக்கையாக இருந்தால் செலவு அதிகம், குளிர்ந்தால் மிச்சம் அதிகம். அந்த மிச்சத்தில்தான் சிவப்பு, ஊதா நிறமிகள் உருவாகின்றன, குளிரில் அவை சீக்கிரம் சிதைவதும் இல்லை. கீழே இரண்டு நாளில் விரிந்து உதிரும் அதே ரோஜா ரகம் இங்கே ஒரு வாரம் நிற்பதும் இதனால்தான்.

ஹைட்ரேஞ்சியா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் கேள்வியிலேயே அதன் பெயர் இல்லாவிட்டாலும் குன்னூரில் அது இல்லாத வீடு அபூர்வம். அதன் நீலம் மண்ணிலிருந்து வருவது. மண் புளிப்பாக இருந்தால் அதில் உள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியே பூவுக்குப் போய் நீலம் தரும். மண்ணின் கார அமில அளவு ஐந்தரைக்குக் கீழே இருந்தால் நீலம், ஆறரைக்கு மேலே போனால் இளஞ்சிவப்பு, நடுவில் இருந்தால் நீலமும் இல்லாமல் இளஞ்சிவப்பும் இல்லாமல் ஒரு கலவை. தேயிலை விளைகிற மண் புளிப்பு மண் என்பதால் நமக்கு நீலம் சும்மா கிடைக்கிறது. சுண்ணாம்பு மண் உள்ள நாடுகளில் இந்த நீலத்துக்காகத் தொட்டியில் அலுமினிய உப்பு வாங்கிப் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் ஒரே வரிசையில் வைத்த செடிகளில் சுவரோரம் உள்ளது மட்டும் இளஞ்சிவப்பாகப் பூக்கிறதா? பயப்பட வேண்டாம், சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்புதான் அது. வெள்ளை ரகம் மட்டும் எதற்கும் மசியாது.

இன்னொன்று, ஹைட்ரேஞ்சியா மத்தியான வெயிலில் தலையைத் தொங்கப் போடும். பார்த்த உடனே வாளியைத் தூக்காதீர்கள். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். இலை விடும் நீருக்கு வேர் ஈடுகொடுக்க முடியாத இரண்டு மூன்று மணி நேரச் சோர்வு அது. இந்த ஒரு விஷயம் தெரிந்தாலே உங்கள் வேலையில் கால்வாசி குறையும். கவாத்தும் அப்படித்தான். பழைய தண்டின் நுனியில்தான் அடுத்த கோடையின் மொட்டு உருவாகும். ஜனவரியில் சுத்தம் செய்கிறேன் என்று தரையோடு வெட்டிவிட்டு மே மாதம் பூக்கவில்லையே என்று நர்சரிக்கு வந்து சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும். பூ முடிந்த கையோடு கொஞ்சம் குட்டையாக்கினால் போதும்.

தண்ணீர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கோடையில் நம் குழாயில் தண்ணீர் வரும் லட்சணம் உங்களுக்கே தெரியும். காலையில் மட்டும், வேரடியில் மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக ஊற்றுங்கள். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். சில்வர் ஓக் சருகு தேயிலைத் தோட்டத்து ஓரமெல்லாம் கிடக்கும், கேட்டு ஒரு சாக்கு அள்ளி வந்து மூன்று விரல் கனத்துக்கு மூடாக்கு போடுங்கள். களையும் குறையும், ஈரமும் நிற்கும். சாயங்காலத்தில் பூவின் மேல் தண்ணீர் படக் கூடாது. இரவு முழுக்க ஈரத்தோடு மேகத்துக்குள் நின்றால் பிகோனியா, ஜெரேனியம், ரோஜா எல்லாவற்றிலும் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும்.

களை பிடுங்குவதை மே மாதத்தில் நிறுத்துங்கள் என்று சொன்னால் என்னைத் திட்டுவீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். பாத்தி மூடிப் பூத்திருக்கும்போது அடியில் உள்ள களையை உங்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காலைக் காப்பியை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் வாடிய பூவைக் கிள்ளிப் போடுவது. வாடிய பூவை விட்டுவைத்தால் செடி விதை கட்டப் போய்விடும், கிள்ளினால் மறுபடி மொட்டு வைக்கும். பூவை அருகில் போய்ப் பார்ப்பதற்கும் இதைவிட நல்ல சாக்கு கிடையாது. டேலியாவில் மட்டும் புதியவர்கள் ஏமாறுவார்கள். விரியப்போகும் மொட்டும் இதழ் உதிர்ந்த தலையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். உருண்டையாக, பொத்தான் மாதிரி இருந்தால் மொட்டு. கூம்பாக நுனி கூர்ந்து, அழுத்தினால் பிசுபிசுவென்று ஈரம் தட்டினால் முடிந்துபோன பூ. ரோஜாவில் ஐந்து சிற்றிலை உள்ள இலைக்கு மேலே வெட்டுங்கள். பெட்டூனியாவில் இதழை மட்டும் பிய்த்தால் பயனில்லை, அடியில் உள்ள பச்சைக் காயோடு கிள்ள வேண்டும்.

உட்கார்ந்து பழகிவிட்டால் அடுத்தது தானாக நடக்கும். விருந்தாளிகள் வருவார்கள், உங்கள் திருப்பூர்க்காரர்களைச் சொல்லவில்லை. தேன்சிட்டு ஃபுக்சியாவுக்கும் சால்வியாவுக்கும் வரும். குழல் நீளமான பூவாக இருந்தால் அது முன்வாசல் வழியாகப் போகாமல் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடுவதையும் பார்க்கலாம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக வந்து இலைக்கடியில் பூச்சி தேடும். தேனீக்கள் வரவில்லையே என்று குறைப்பட்டால் உங்கள் பூவைப் பாருங்கள். அடுக்கு அடுக்காக இதழ் வைத்த பந்து டேலியாவில் நடுவில் மகரந்தத்தோடு இருக்க வேண்டிய குட்டிப் பூக்களெல்லாம் இதழாக மாறியிருக்கும், தேனீக்கு அங்கே சாப்பாடு கிடையாது. கடையில் யாரும் சீண்டாத ஒற்றை இதழ் டேலியாவில் இரண்டு வாங்கி நடுங்கள். காலை ஏழு மணிக்கு அந்தச் செடிதான் தோட்டத்திலேயே சத்தமான செடியாக இருக்கும்.

வரக்கூடாத விருந்தாளியும் உண்டு. காட்டுமாடு வேலி தாண்டி வந்து நின்றால் பூவை மறந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். விரட்டாதீர்கள், நாயை ஏவாதீர்கள், செல்போனைத் தூக்கிக்கொண்டு நெருங்காதீர்கள். ஒரு டன் வரை எடை இருக்கும் மிருகம். அந்தி நாற்காலியை வீட்டுக் கதவுக்கு எட்டும் தூரத்தில் போடச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கிழங்குச் செடிகளுக்கு முள்ளம்பன்றி வரும். அதற்குத் தொட்டிதான் வழி.

இப்போது மாமியார் கேள்வி. அவர் கேட்பது நியாயம். நமக்குப் பூ என்றால் பறிப்பது, தொடுப்பது, வைப்பது. செடியில் விட்டு ரசிப்பது இங்கே வெள்ளைக்காரர்கள் பழக்கிவிட்டுப் போனது. மல்லிகைக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளாது. குன்னூர் மார்க்கெட்டில் முழம் போட்டு விற்கும் மல்லி கீழிருந்து மலையேறி வருவது. ஆனால் பன்னீர் ரோஜா இங்கே நன்றாக வரும், தொடுக்கவும் ஆகும், சாமிக்கும் ஆகும். சமையலறை ஜன்னலுக்கு வெளியே அவருக்கென்று இரண்டு செடி வைத்து, அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். காலையில் பறிக்கும் வேலை அவருடையது. ஒரு மாதத்தில் அவர் டேலியாவுக்கும் கருத்துச் சொல்ல ஆரம்பிப்பார். ஹைட்ரேஞ்சியாவையும் வீட்டுக்குள் கொண்டுவரலாம். விடியலில், இதழ் லேசாகத் தடித்த முற்றின பூவாகப் பார்த்து வெட்டி உடனே தண்ணீரில் விடுங்கள். வாடினால் தலைகீழாகப் பூவையே ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் முக்கிவையுங்கள், இதழ் வழியாகவே தண்ணீர் குடித்து எழுந்துகொள்ளும். சாமி படத்துக்குக் கீழே ஒரு பித்தளைச் சொம்பில் நீலக் கொத்து ஒன்று நின்றால் எந்த மாமியாரும் மறுப்புச் சொல்வதில்லை என்பது என் அனுபவம்.

மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஏங்காதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது நடக்கும் உதகை தாவரவியல் பூங்கா மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரத் தோட்ட நிபுணர் 1848-ல் வந்து வடிவமைக்கத் தொடங்கியது, கண்காட்சி 1896-ல் தொடங்கியது. மாடத்தில் அடுக்கியிருக்கும் தொட்டிகள் எல்லாம் பல மாதங்களுக்கு முன்பே விதைத்து, அந்தச் சில நாளுக்கென்று நேரம் பார்த்துப் பூக்கவைத்தவை. பத்தாம் நாள் அவை எப்படி இருக்கும் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. உங்கள் தோட்டத்தில் ஒரு பாத்தி முடிந்து ஒரு பாத்தி தொடங்கினால் அதுவே நல்லது. நான் அங்கே போவது ரகத்தின் பெயரைக் குறித்துக்கொள்ள மட்டும், அதுவும் கூட்டம் இல்லாத வார நாள் காலையில்.

ஆசைப்பட்டு வாங்கக்கூடாத சிலவும் இருக்கின்றன. தலைகீழாகத் தொங்கும் எக்காளப் பூ, இங்கே டட்டூரா என்பார்கள், அந்தியில் மயக்கும் வாசனை. ஆனால் வேர் முதல் விதை வரை விஷம். குழந்தைகள் வரும் வீட்டில் வேண்டாம். மஞ்சள் புரூம், கார்ஸ் என்ற புதர்ச்செடிகளும் வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து நட்டவைதான், இன்று உதகைப் பக்கத்துப் புல்வெளிகளை அவை முழுங்கிக்கொண்டிருக்கின்றன. வெள்ளை ஆரம் லில்லி சதுப்பில் இறங்கிவிட்டால் அங்கே உள்ள புல் பூண்டு காலி. உன்னிச்செடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வெட்டிப்போட்ட கிளையையும் கிழங்கையும் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடையில் எறியாமல் உங்கள் எருக்குழியிலேயே போடுங்கள்.

ஜூனில் எல்லாம் அழுகிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். பெட்டூனியா அழுகும், பேன்சி போகும். ஹைட்ரேஞ்சியா மழையிலும் நிற்கும். ஃபுக்சியாவுக்கும் பிகோனியாவுக்கும் அந்த ஈரமான நிழல் பிடிக்கும். குன்னூர்ச் சரிவுக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான், ஆனி ஆடியில் பெரும்பாலும் தூறலும் காற்றும். டேலியாவுக்கு மட்டும் இப்போதே ஒரு குச்சி ஊன்றிக் கட்டிவிடுங்கள். மழை பிடித்த முதல் வாரம் குச்சி ஒடித்து நட ஏற்ற நேரம். என் வீட்டு ஃபுக்சியா மூன்று நிறத்தில் இருக்கிறது, விரல் நீளத்துக்கு ஒடித்து ஈரத்துணியில் சுற்றி வைக்கிறேன். மாமியாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், நாலு மணிக்கு மேல்.